வெளிநாட்டு வேலையும் நம் பொறியாளர் பிள்ளைகளும்

2025 நவம்பர் 6ஆம் நாள், தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து இந்திய விமானப் படையின் இரண்டு விமானங்கள் 270 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு தாயகம் திரும்பின. அவர்களுள் 26 பேர் பெண்கள். அதே ஆண்டு மார்ச் 10, 11 ஆகிய இரு நாள்களில் இதே வழியாக 549 பேர் அழைத்து வரப்பட்டனர். மே சோட், மோய் ஆற்றங்கரையில் உள்ள எல்லை நகரம். ஆற்றுக்கு அக்கரையில் மியான்மாரின் மியாவாடி. அங்கே உயர்ந்த மதில்களுக்குள், ஆயுதம் தாங்கிய காவலுக்குள், இணையம் வழியாக உலகெங்கும் உள்ள மக்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் மையங்கள் நடக்கின்றன. வேலை என்று நம்பிப் போய் அந்த மதில்களுக்குள் சிக்கியவர்களே இவர்களில் பலரும்.

செய்தியை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம்; மறுநாள் மறந்தும் போனோம். ஆனால் இவர்கள் யார் என்று சற்று நின்று கேட்க வேண்டும். கணினி தெரிந்த, ஆங்கிலம் ஓரளவு பேசத் தெரிந்த, பட்டம் பெற்ற இளைஞர்கள் இவர்களில் ஏராளம். 2022 செப்டம்பர் 24ஆம் நாள் இந்திய வெளியுறவு அமைச்சகம் விடுத்த எச்சரிக்கையே இதைச் சொன்னது. தகவல் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்து, தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சமூக வலைத்தளங்கள் வழியாகவும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்ட்டுகள் வழியாகவும் ஆள் பிடிக்கிறார்கள். பின்னர் சட்டவிரோதமாக எல்லை கடத்தி மியான்மாருக்குக் கொண்டு போகிறார்கள் என்று அது எச்சரித்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 5ஆம் நாள், அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலும் இதே கதைதான். அங்கிருந்து ஏறத்தாழ 250 இந்தியர்கள் மீட்கப்பட்டதாக 2024 மார்ச் இறுதியில் அரசு கூறியது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, மியான்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம்.

சிலமலைக்கும் மியாவாடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நம் வீடுகளிலேயே இருக்கிறது. போடியில் அரசு பொறியியல் கல்லூரி 2012இல் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் கிடைத்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் வந்தது. இவையெல்லாம் நல்லவை, நாம் மகிழ வேண்டியவை. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற தாயின் மகன் இன்று மெக்கானிக்கல் பொறியாளர். ஆனால் பட்டத்தைக் கொடுத்த ஊர் வேலையைக் கொடுக்கவில்லை. போடியில் ஏலக்காய் ஏலம் உண்டு, தரம் பிரிக்கும் கிட்டங்கிகள் உண்டு, இலவம்பஞ்சும் மாங்காயும் உண்டு. மெக்கானிக்கல் பொறியாளருக்கு அங்கே என்ன இடம்? தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்க, கேம்பஸ் இன்டர்வியூவில் தேறாத பிள்ளை சென்னைக்கோ கோவைக்கோ போகிறான். 2023 ஜூன் முதல் போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. அங்கே மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. கல்விக்கடன் தவணை வந்து நிற்கிறது. அப்போதுதான் கைப்பேசியில் அந்த விளம்பரம் வருகிறது.

"சாமி, பையனுக்கு பேங்காக்குல வேலை கெடச்சிருக்கு, செபத்துல வச்சுக்கோங்க" என்று சொல்லும் தாய்மாரிடம் என்ன வேலை, எந்தக் கம்பெனி என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில், "கம்ப்யூட்டர் வேலைதான் சாமி" என்பதே. இதே தாய், ஜீப்பில் ஏறுவதற்கு முன் எந்தத் தோட்டம், எவ்வளவு சம்பளம், சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்ப விடுவார்கள் என்று கங்காணியிடம் கேட்காமல் ஏறுவதில்லை. பிள்ளை படித்தவன், அவனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் வெளிநாட்டு வேலைக்கு மட்டும் அந்தக் கேள்விகள் நின்றுவிடுகின்றன.

படித்தவனுக்குத் தெரியும் என்று நம் வீடுகள் மட்டும் நினைப்பதில்லை. நாட்டின் சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. இதைச் சற்று விளக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போவோரைப் பாதுகாக்க 1983இல் குடியேற்றச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவுதி, குவைத், மலேசியா, தாய்லாந்து போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி யார் என்பவை பார்க்கப்படும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதாவது, படிக்காத தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறையாவது புரட்டிப் பார்க்கிறது; பி.இ. படித்தவனின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. இவர்களும் தாமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 இறுதியில் கொண்டுவரப்பட்ட விதி, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டது. விரும்பினால் பதியலாம் என்ற அளவில் நின்றது. சுற்றுலாப் பயணியாகப் போகிறவனிடமோ கேட்பதற்கே ஒன்றும் இல்லை. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தபோது நம் சுற்றுலாப் பயணிகளோடு ஆள் பிடிப்பவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தின் வரைவு ஒன்றை 2025 அக்டோபரில் மத்திய அரசு கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டது. படித்தவர்களையும் உள்ளடக்கும் காவல் ஏதேனும் ஒரு வடிவில் வேண்டும் என்பதே நம் எண்ணம். சுதந்திரமாகப் பயணம் செய்யும் உரிமையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அனுமதிதான் பட்டதாரிக்குத் தேவையில்லையே ஒழிய, ஏஜென்ட்டுக்கு உரிமம் தேவை. யாரை அனுப்பினாலும், பி.இ. படித்தவரை அனுப்பினாலும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அதே சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். நம் ஊர்ப் பக்கம் கைமாறுகிற தொகையையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லா வெளிநாட்டு வேலையும் பொறி என்று நாம் சொல்லவில்லை. வளைகுடாவில் சைட் இன்ஜினியராக உழைத்து, தங்கைக்குத் திருமணம் முடித்து, ஊரில் வீடு கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். துபாய்க்குப் பார்வையாளர் விசாவில் போய் வேலை தேடிப் பெற்றவர்களும் உண்டு. ஆயினும் நேர்வழியிலும் கதவு எவ்வளவு ஒடுங்கியது என்பதைப் பிள்ளைகள் அறிந்து போக வேண்டும். ஐந்தாண்டு அனுபவம் இல்லாத அயல்நாட்டுப் பொறியாளர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று சவுதி அரேபியா 2017இல் முடிவு செய்தது. போன வருடம் படிப்பை முடித்த பையனை ஒருவர் அங்கே 'இன்ஜினியர்' வேலைக்கு அனுப்புகிறேன் என்றால், விசாவில் எந்த வேலையின் பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

குவைத்தில் 2018இல் நடந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பொறியாளராகப் பதிவு பெற்றவர்கள் தங்குரிமையைப் புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். அந்தச் சங்கமோ, இந்தியப் பட்டங்களில் என்.பி.ஏ. எனப்படும் தேசியத் தர அங்கீகார வாரியம் அங்கீகரித்த படிப்புகளை மட்டுமே ஏற்றது. பத்து, பதினைந்து ஆண்டு அங்கே வேலை பார்த்தவர்கள் கூட, தாங்கள் படித்த காலத்தில் கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இல்லை என்பதால் தவித்தார்கள். பொறியாளர் என்ற பெயரை விட்டு வேறு பதவிப் பெயருக்கு மாறிக்கொண்டு தங்கியவர்கள் உண்டு. நம் பெற்றோர் கல்லூரியில் சேர்க்கும்போது பேருந்து வசதி, விடுதிச் சாப்பாடு எல்லாம் கேட்கிறார்கள். சேரப்போகும் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று கேட்பவர் அரிது. கல்லூரிக்கு மொத்தமாக அல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே அது தரப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி 2024 அக்டோபரில், திறன்மிக்க இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்தியது. வேலை தேடி வருவதற்கென்றே ஓர் அட்டையை அந்த ஆண்டு ஜூனில் அறிமுகம் செய்தது. நல்ல செய்திதான். ஆனால் அதற்கு மொழித் தேர்ச்சி வேண்டும், பட்டத்துக்கு அங்கே ஏற்பு வேண்டும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் கையில் பணம் இருப்பதாகச் சான்று வேண்டும். ஏலத்தோட்டக் கூலியில் படித்த பிள்ளைக்கு அவ்வளவு பணமும் பொறுமையாக மொழி படிக்கும் காலமும் எங்கிருந்து வரும்? நகையை அடகு வைத்தால் அடுத்த வாரம் விமானம் என்கிறான் மற்றவன். அவசரத்தில் இருக்கிற குடும்பம் அவனிடம் போவதில் வியப்பில்லை.

அந்த நகைக் கடனைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். நம் மக்களுக்கு இது புதிதல்ல. நம் முன்னோர்களை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போன கங்காணிகள், ஊரிலேயே முன்பணம் கொடுத்தார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறியது. தோட்டம் மாறும்போது அந்தக் கடன் தொகையை எழுதிய 'துண்டு' ஒன்று கூடவே போகும். எந்தத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டுகிறதோ அதற்கு ஆள் சொந்தம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழிக்க முடிந்தது. மியாவாடியிலிருந்து தப்பி வந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள்: ஒரு கும்பல் இன்னொரு கும்பலுக்கு ஆளை விற்கிறது, போக வேண்டுமென்றால் 'உனக்காகக் கொடுத்த பணத்தைக் கட்டிவிட்டுப் போ' என்கிறது. துண்டுச் சீட்டுதான் இல்லை. போதாதற்கு, ஊரில் வாங்கிய கடன் வேறு. சந்தேகம் வந்த பிறகும், 'இப்போது திரும்பிப் போனால் அம்மாவின் சங்கிலியை எப்படி மீட்பது' என்று எண்ணி, எல்லை தாண்டும் வண்டியில் ஏறியவர்களும் இருப்பார்கள்.

இன்னொரு துயரம், அங்கே இவர்கள் செய்ய வைக்கப்படும் வேலை. பொய்ப் பெயரில், பொய்ப் படத்தில், முன்பின் தெரியாத ஒருவரோடு வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, அவருடைய சேமிப்பை முழுவதும் பறிப்பது. இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி, பட்டினி. சிக்கியவன் ஒரே நேரத்தில் அடிமையாகவும் கள்வனாகவும் ஆக்கப்படுகிறான். திரும்பி வந்தபின் உறக்கமின்றித் தவிப்பவர்களை 'நீயும் ஏமாற்றினாயே' என்று ஊர் பேசுமானால், அவர்கள் யாரிடம் போய் மனம் திறப்பார்கள்? புனித ஜோசப்பின் பக்கிதாவின் திருநாளான பிப்ரவரி 8ஐ, ஆள் கடத்தலுக்கு எதிரான செப நாளாகத் திரு அவை 2015 முதல் கொண்டாடுகிறது. அன்று நாம் பெண்களையும் குழந்தைகளையும் நினைத்துச் செபிக்கிறோம். பட்டம் பெற்ற இளைஞனும் கடத்தப்படுகிறான் என்பது இன்னும் நம் மன்றாட்டுகளில் இடம்பெறவில்லை.

ஆள் பிடிப்பவர் எப்போதும் அந்நியர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். உடன் படித்த நண்பன், தூரத்து உறவு, முன்பு அங்கே போனவன் என்று நம்பிக்கைக்குரிய முகமாகவே வருகிறது. யாக்கோபின் கூலியைப் பத்து முறை மாற்றிய லாபான், அவருக்குத் தாய்மாமன் என்பதைத் தொடக்க நூலில் வாசித்திருக்கிறோம் அல்லவா? ஆகவே மாமா சொன்னார், மச்சான் அனுப்புகிறான் என்றாலும் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. எண்ணைத் தட்டிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். தமிழக அரசுக்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது. அங்கே பதிந்து வைப்பதில் நட்டமில்லை. விசா வேலை விசாவா, சுற்றுலா விசாவா என்று பாருங்கள். போய் இறங்கியதும் மாற்றித் தருவோம் என்றால், மாற்றித் தந்தபின் பணம் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அப்போது அவர் முகம் போகும் போக்கிலேயே பாதி விடை கிடைத்துவிடும். நேர்காணல் பத்து நிமிட வீடியோ அழைப்பில் முடிந்து, தட்டச்சு வேகம் மட்டும் கேட்கப்பட்டு, தகுதிக்கு மீறிய சம்பளம் சொல்லப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நிறுவனம் உண்மையா என்று அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் கேட்கலாம். அமைச்சகமே அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறது.

போகிற பிள்ளை பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட்டின் கைப்பேசி எண் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்; வங்கி வழியாக அனுப்பினால்தான் பின்னால் காட்ட ஏதாவது இருக்கும். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்களும், போய்த் திரும்பிய பிள்ளைகளும் நம்மிடையே வாய் திறக்காமல் இருக்கக்கூடும். அவர்கள் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத்துறைக்கும் எழுதலாம். உள்ளூரில் காவல்துறையிடம் புகார் கொடுக்கலாம். புகாரை எழுதித்தர ஆள் வேண்டுமென்றாலும், தேனிக்குத் துணைக்கு வர ஆள் வேண்டுமென்றாலும் பங்கு இல்லத்தில் சொல்லுங்கள். காலைத் திருப்பலி முடிந்து கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.