மேஜைக்கு இந்தப் பக்கம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் வாசகர் வட்டத்தில் ஃப்ரன்ஸ் காஃப்காவின் 'விசாரணை' நாவலைப் பற்றிப் பேசினோம். வந்திருந்த இருபது பேரில் பாதிக்கு மேல் என்னைப் போல மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தே கண்ணாடி பவரை ஏற்றிக்கொண்டவர்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "பாவம், முகம் தெரியாத அதிகாரத்திடம் மாட்டிக்கொண்ட அப்பாவி" என்றார்கள். ரேஷன் கார்டு முதல் வீட்டு வரி வரை அவரவர் அலைந்த கதையும் வந்தது. சிரிப்பும் காபியுமாகக் கூட்டம் முடிந்தது.

வீடு திரும்பும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றதை எல்லோரும் சொன்னோம். முப்பது முப்பத்தைந்து வருஷம் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோமே, அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யோசஃப் க. ஒரு வங்கி அதிகாரி. அவனுடைய முப்பதாவது பிறந்தநாள் காலையில் இருவர் வந்து, அவன் கைது செய்யப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். என்ன குற்றம் என்று சொல்வதில்லை, ஜெயிலிலும் போடுவதில்லை. வேலைக்குப் போய் வரலாம், ஆனால் வழக்கு நடக்கும். நீதிமன்ற அலுவலகங்களோ குடியிருப்புக் கட்டடங்களின் பரண்களில் இருக்கின்றன. வக்கீல், ஓவியன், பாதிரியார் என்று அவன் அலைகிறான். முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு இருவர் வந்து அவனை ஒரு கல்குவாரிக்கு அழைத்துப் போய்க் கொல்கிறார்கள். குற்றம் என்ன என்பது கடைசிவரை நமக்கும் தெரியாது.

இதை எழுதியவர் அலுவலகத்தின் வாசலில் நின்றவர் அல்ல, உள்ளே இருந்தவர். 1906-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற காஃப்கா, 1908 முதல் 1922 வரை ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. பகலில் ஃபைல், இரவில் எழுத்து. 1914-இல் தொடங்கிய 'விசாரணை'யை அவர் முடிக்கவில்லை. 1924-இல் அவர் இறந்தபின் நண்பர் மாக்ஸ் பிராட் அதை 1925-இல் வெளியிட்டார். தமிழில் ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராகவே மொழிபெயர்த்திருக்கிறார், க்ரியா வெளியீடு.

நாவலின் க.வும் நம்மைப் போல நாற்காலிக்காரன்தான். வழக்கின் கவலையில் மூழ்கிய ஒரு நாளில், தன்னைப் பார்க்க வந்த வாடிக்கையாளர்களை வெகுநேரம் காக்கவைத்துவிட்டுத் தன் காரியமாக வெளியே போகிறான். இன்னொரு இடம் இதைவிடக் கடுமையானது. தன்னைக் கைது செய்ய வந்த காவலர்கள் மீது அவன் புகார் சொல்கிறான். பிறகு ஒரு மாலை, வங்கியிலேயே தட்டுமுட்டுச் சாமான் அறை ஒன்றில் அவர்களுக்குக் கசையடி விழுவதைப் பார்க்கிறான். ஒருவன் அலறுகிறான். க. கதவைச் சாத்திவிட்டு, ஓடிவரும் சிப்பந்திகளிடம் முற்றத்தில் ஏதோ நாய் கத்தியதாகச் சொல்லி அனுப்புகிறான். நாவல் முடியும் இடத்தில் க. சாகும்போது அந்த 'நாய்' என்ற சொல் அவன் வாயிலேயே திரும்ப வருகிறது. இதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

பாதிரியார் சொல்லும் குட்டிக்கதையைப் பலரும் அறிவீர்கள். சட்டத்தின் வாசலில் ஒரு காவலாளி. கிராமத்து ஆள் ஒருவன் உள்ளே போக அனுமதி கேட்டு ஆயுள் முழுக்கக் காத்திருக்கிறான். காவலாளி கொடுமைக்காரன் அல்ல. உட்கார முக்காலி கூடத் தருகிறான். இந்த வாசல் உனக்காக மட்டுமே இருந்தது என்பதை, அவன் உயிர் போகும் நேரத்தில்தான் சொல்கிறான்.

அந்தக் காவலாளியாக நானும் ஒருமுறை இருந்தேன். 1980-களின் இறுதி. கணவரை இழந்த நம் ஊர் அம்மாள் ஒருவர் குடும்பப் பென்ஷனுக்காக வந்தார். ஒரு காகிதத்தில் கணவர் பெயருக்கு முன் இனிஷியல். இன்னொன்றில் அதே இனிஷியல் விரிந்து அப்பா பெயர் பின்னால் போயிருந்தது. வடக்கே வந்த தமிழர் எல்லோருக்கும் உள்ள தலைவலிதான். "பெயர் பொருந்தவில்லை அம்மா" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். மரியாதையாகத்தான் பேசினேன், நாற்காலியும் கொடுத்தேன். ஒரு அஃபிடவிட் கொடுத்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நான்காம் முறை அவர் வரவில்லை. அதன்பின் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவும் இல்லை.

விதி இல்லாவிட்டால் சிபாரிசுதானே ஆளும் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விதி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. காஃப்காவின் உத்தியோகமே விதிகளோடுதான். மரம் இழைக்கும் இயந்திரங்களில் சதுர அச்சு தொழிலாளிகளின் விரல்களைத் துண்டிக்கிறது, உருளை அச்சு பாதுகாப்பானது என்று படங்களோடு அலுவலக அறிக்கையில் விளக்கினார். விபத்தில் உறுப்பிழந்தவர்கள் கோபத்தோடு வராமல் கெஞ்சிக்கொண்டு வருகிறார்களே என்று அவர் வியந்ததையும் பிராட் பதிவு செய்திருக்கிறார். விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு விரலைக் காப்பாற்றவும் முடியும், ஒரு பென்ஷனை நிறுத்தவும் முடியும்.

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். 2014-இல் பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்றிதழும் கம்ப்யூட்டருக்கு வந்தது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் கைரேகை தேய்ந்துபோன கிழவருக்கு 'பொருந்தவில்லை' என்று மெஷின் காட்டும்போது, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக அறையில் ஒரு மேஜை போடுங்கள். ஓய்வு பெற்ற நாங்கள் முறைவைத்து உட்கார்ந்து, ஃபாரம் நிரப்பத் தெரியாமல் வருகிறவர்களுக்கு வழி சொல்கிறோம். எந்த வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். முதல் ஞாயிறு நான் வருகிறேன்.