கல்குவாரியின் வீதி எங்கே முடிகிறது?

வடக்கில் டிப்பர் மோதி ஓர் உயிர் போகும்போதெல்லாம் செய்தி ஒரே மாதிரித்தான் வருகிறது. அதிவேகம், சாரதி கைது, ஊர்மக்கள் வீதிமறியல். பாடசாலை நேரத்தில் டிப்பர் ஓடக்கூடாது என்று கூட்டங்களில் பேசுவார்கள். பிறகு அடுத்த விபத்து வரை அமைதி. சாரதியின் தவறை நான் மறுக்கவில்லை. ஆனால், அவர் ஓட்டிவந்த வீதி அந்த வாகனத்துக்கு ஏற்றதா என்று நாம் கேட்பதேயில்லை.

வவுனியா மாவட்டத்தில் ஒரு கருங்கல் குவாரிக்குப் போயிருந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. கிடங்கின் அடியிலிருந்து மேலே வரும் பாதையை யாரும் திட்டமிட்டு அமைத்ததாகத் தெரியவில்லை. கல்லை உடைத்து எடுத்த பின் எது மிஞ்சியதோ அதுவே பாதை. விளிம்பில் மண் அணைகூட இல்லை. அந்தப் பாதையில் ஏறிவந்த டிப்பர் வாயிலைத் தாண்டியதும் கிராம வீதியில் இறங்கியது. காலடியால் அளந்து பார்த்தேன். தார் போட்ட அகலம் நான்கு மீற்றர்கூட வராது. சைக்கிளில் வந்த இரண்டு மாணவிகள் வீதியை விட்டிறங்கி, புழுதி அடங்கும்வரை பற்றைக்குள் நின்றார்கள்.

திறந்த சுரங்கங்களில் பாறை ஏற்றிச் செல்லும் பாதையை வடிவமைப்பது ஒரு தனித்துறை. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் இதற்கென 1977இலேயே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் அடிப்படை விதிகள் எளிமையானவை. ஒருவழிப் பாதை என்றால் அகலம் வாகனத்தைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும். இருவழி என்றால் மூன்றரை மடங்கு. நமது டிப்பர்களின் அகலம் ஏறத்தாழ 2.5 மீற்றர். அப்படியானால் ஒருவழிக்கு 5 மீற்றரும் இருவழிக்கு 8.75 மீற்றரும் வேண்டும். விளிம்பில் போடும் மண் அணை, குறைந்தது சக்கரத்தின் பாதி உயரம் இருக்க வேண்டும். டிப்பருக்கு அது சுமார் அரை மீற்றர்தான். ஒரு பெக்கோ ஒரு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் பின்னோக்கி வரும் வாகனம் கிடங்குக்குள் விழாமல் தடுப்பது அதுதான்.

சரிவு பத்து வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், சிறுகற்கள் சிதறிய சமதளத்தில் பிறேக் பிடித்தபின் 20 மீற்றர் அளவில் நிற்கும் என்று வைப்போம். அதே தளம் பத்து வீத இறக்கமாக இருந்தால் கிட்டத்தட்ட 30 மீற்றர் தேவைப்படும். சாரதி சுதாரிக்கும் நேரம் இதில் சேரவில்லை. வளைவுக்கு அப்பால் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், எவ்வளவு திறமையான சாரதியாலும் விபத்தைத் தவிர்க்க முடியாது.

இவையெல்லாம் பெரிய சுரங்கங்களுக்கான விதிகள், எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று குவாரி நடத்துபவர்கள் சொல்வார்கள். கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. நன்றாகப் பராமரித்த பாதையில் சக்கரம் உருள்வதற்கான தடை, வாகன எடையில் இரண்டு வீதம் அளவில் இருக்கும். மழையில் குழியும் சேறுமான பாதையில் அது ஐந்து வீதமாகலாம். பத்து வீத ஏற்றத்தில் முதலாவதற்கு மொத்தம் 12, இரண்டாவதற்கு 15. அதாவது கால்வாசி கூடுதல் இழுவிசை. அந்த மேலதிக டீசலை ஒவ்வொரு லோட்டுக்கும் யாரோ ஒருவர் வாங்குகிறார். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. ஐப்பசி மழைக்கு முன் வடிகாலை வெட்டி, பாதையை மட்டப்படுத்துவது செலவல்ல, சேமிப்பு.

ஆனால் வாயிலுக்கு வெளியே இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே பாதை கெட்டால் குவாரிக்காரர் திருத்த வேண்டியதில்லை. வீதிக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும் என்பது அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த வீதிப் பரிசோதனையில் வெளிப்பட்டது. அனுமதித்ததைவிட 20 வீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. இரட்டிப்பாக ஏற்றினால் 16 மடங்கு. லோட் கணக்கில் சம்பளம் வாங்கும் சாரதிக்கு, கூட ஏற்றுவதும் விரைந்து ஓடுவதும்தான் வருமானம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் ரோயல்டி அறவிடுவதும் மத்திய அரசின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். உடையும் கிராம வீதியோ பிரதேச சபைக்குரியது. வருமானம் ஓரிடம், செலவு இன்னோரிடம். கல் எங்கிருந்து வருகிறது என்பது ஒருவருடைய கோப்பில் இருக்கிறது. எந்த வழியால் போகிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

வேறு வழியே இல்லையா? புத்தளத்தில் அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில் போகிறது. எடுக்கும் இடத்தையும் சேரும் இடத்தையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட்டதால் வந்த ஏற்பாடு அது. ஒவ்வொரு கல்குவாரிக்கும் தண்டவாளம் போடச் சொல்லவில்லை. ஆனால் பாறை உடையும் இடத்திலிருந்து பிரதான வீதி வரை உள்ள முழுத்தூரத்தையும் ஒரே சுரங்கப் பாதையாகப் பார்க்கலாம். அந்த வழியை வரைபடத்தில் காட்டாமல் அனுமதிப்பத்திரம் கிடையாது என்று வைக்கலாம். வாயிலில் எடைத்தராசு, ஒதுங்கி வழிவிட இடங்கள், பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடைபாதை, ரோயல்டியில் ஒரு பங்கு பிரதேச சபைக்கு. இவற்றை நிபந்தனையாக்க விஞ்ஞானம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் கல் வேண்டும். குவாரிகளை மூடு என்று நான் எழுதவில்லை. சாரதியைச் சிறைக்கு அனுப்பிய அடுத்த நாளும் அதே வீதியில் இன்னொரு சாரதி, அதே சுமையோடு வருவார். பற்றைக்குள் ஒதுங்க அந்த மாணவிகளுக்கு அன்றும் இடம் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.