அடகுக் கடைக்குப் போகும் முன்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறோம். போதவில்லை என்றால் வட்டிக்கு வாங்குகிறோம். பிள்ளைக்காகத்தான், சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய உதவித்தொகை எது என்று எத்தனை வீட்டில் விசாரிக்கிறார்கள்? எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை, கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் அது கிடையாது. "இப்போதே கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்று யாரோ ஏஜென்ட் சொன்னானென்று, கலந்தாய்வு தொடங்கும் முன்பே முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறீர்களே! அவனுக்கு என்ன அவசரம் என்று யோசிக்க வேண்டாமா? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படி அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும்.

"அதெல்லாம் ரொம்ப இல்லாதவங்களுக்கு" என்று சம்பளக்காரர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஏஐசிடிஇ நடத்தும் பிரகதி திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பே ஆண்டுக்கு 8 லட்சம். பொறியியலோ டிப்ளமோவோ படிக்கும் பெண் அதில் தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். கௌரவம் பார்த்து அவள் விண்ணப்பத்தைத் தடுக்க நமக்கு என்ன உரிமை?

விண்ணப்பிக்கிறவர்களும் எங்கே கோட்டை விடுகிறார்கள் தெரியுமா? காகிதத்தில். வருமானச் சான்றிதழைக் கடைசி நாளுக்கு முந்தின வாரம் தேடுகிறார்கள். அப்போது இ-சேவை மையத்தில் கூட்டம், வருவாய் ஆய்வாளர் வேறு வேலையில் இருப்பார். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி. வங்கிக் கணக்கு இருக்கும். ஆனால் அரசுப் பணம் வந்து சேரும்படி அதில் ஆதார் இணைந்திருக்காது. பாஸ்புக்கில் ஆதார் எண் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். "ஸ்காலர்ஷிப் பணம் வருகிற மாதிரி ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா?" என்று வங்கியில் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே இதையெல்லாம் சரிபார்த்துவிடலாம். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும்.

அதற்கும் மேல் பணம் தேவையா, முதலில் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. மேலாளர் கேட்டால் விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். தலை குனிந்து திரும்பி வராதீர்கள்.

முதல் வருடம் உதவித்தொகையை வாங்கிவிட்டு அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. பல உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு இது நினைவிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். இன்று இரவு போன் பேசும்போது, சாப்பிட்டாயா என்பதோடு, புதுப்பித்தாயா என்றும் கேளுங்கள்.