பாட்டில் டிரெஸ்ஸிங் எதுக்குங்க?

குளிர்காலம் வந்தா நம்மாளுங்க சாலட் டிரெஸ்ஸிங்கை பாட்டில் பாட்டிலா வாங்கிக் குவிக்கறாங்க. லேபிளைப் படிங்க சாமி! பலதுல எண்ணெய், தண்ணி, சர்க்கரை, கெட்டியாக்க சாந்தன் கம். பேங்க்ல கணக்கு பாக்கறவன் சொல்றேன், இது சுத்த நஷ்டம்.

எங்க கல்பாத்தி அக்ரஹாரத்துல ராமநவமிக்குப் பண்ற கோசுமல்லி பின்ன என்னவாம்? ஊறவெச்ச பயத்தம்பருப்பு, வெள்ளரி, எலுமிச்சை, கடுகு தாளிப்பு. குளிர்ல வெள்ளரிக்குப் பதில் கேரட், முட்டைக்கோஸ் துருவுங்க. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சு மெழுகாட்டம் ஒட்டிக்கும், நல்லெண்ணெய்ல தாளிங்க. உப்பு கடைசியில, இல்லேன்னா தண்ணி விட்டுக்கும்.

"அது நைவேத்தியம், சாலட் இல்ல"ங்கறவங்களுக்கு ஒண்ணு: வருஷத்துல ஒரு நாள் மட்டும் பண்ணினா, நம்ம பசங்களுக்கு சாலட்னா வெள்ளைக்காரன் சாப்பாடுதான். டிசம்பர்லயும் பண்ணுங்க. என்ன சொல்றீங்க?