புகையால் டெங்கு ஒழியாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, காய்ச்சல் செய்திகள் வர ஆரம்பித்ததும் தமிழ்நாட்டின் ஊர்களில் எழும் முதல் கோரிக்கை "புகை மருந்து அடியுங்கள்" என்பதுதான். வார்டு உறுப்பினரிடம் மனு போகிறது, அவர் அதிகாரிகளை நெருக்குகிறார், மாலையில் புகை வண்டி தெருவைச் சுற்றி வருகிறது. வண்டி வந்தால் சுகாதாரத் துறை வேலை செய்கிறது, வராவிட்டால் தூங்குகிறது என்று மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த அளவுகோல் தவறானது. துறையின் கீழ்மட்டப் பணியாளர்கள் ஆண்டு முழுவதும் செய்துவரும் உண்மையான வேலையை அது நேரடியாகக் கெடுக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரே அதற்குப் போதும். மூடாத பிளாஸ்டிக் டிரம், சிமென்ட் தொட்டி, வெளியே போட்ட ஆட்டுக்கல், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கட்டி முடிக்காத கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி என எதில் வேண்டுமானாலும் அது முட்டையிடும். பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகமாகக் கடிக்கும். மற்ற நேரங்களில் கட்டிலுக்கு அடியிலும், மாட்டியிருக்கும் துணிகளுக்குப் பின்னாலும், இருண்ட மூலைகளிலும் தங்கியிருக்கும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை.

இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது வேறு கொசு. கழிவுநீரில் வளரும் கியூலெக்ஸ் அது. மக்களின் கோபம் பெரும்பாலும் இந்தக் கொசுவின் மீதுதான். அந்தக் கோபம் நியாயமானதே. சாக்கடையைச் சீர்செய்ய வேண்டியது உள்ளாட்சியின் கடமை. ஆனால் இரவுக் கடி குறைந்தால் டெங்கு குறையும் என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இனி, புகை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். வழக்கமான முறையில் 1 லிட்டர் மாலத்தியானை 19 லிட்டர் டீசலில் கலந்து, சூடாக்கிப் புகையாக வெளியேற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வெண்மேகத்தில் பெரும்பங்கு டீசல்தான். மருந்தின் நுண்துளிகள் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால்தான் அது சாகும். காற்று வீசினால் துளிகள் கலைந்துவிடும். தெருவில் போகும் வண்டியின் புகை படுக்கையறைக்குள் போதிய அளவில் எட்டுவதில்லை. போதாததற்கு, வண்டிச் சத்தம் கேட்டதும் நெடிக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் சாத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கொசு வீட்டுக்குள்ளே இருக்க, மருந்து வெளியே கலைந்து போகிறது. அப்படியே கொசு செத்தாலும், தொட்டியிலுள்ள முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் புகையால் எந்தக் கேடும் இல்லை. மறுநாளே புதிய கொசுக்கள் பறக்கத் தொடங்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கொசுக்கள் அதை எதிர்க்கும் திறனையும் பெற்றுவிடுகின்றன.

காலக் கணக்கும் புகைக்கு எதிராகவே இருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்குவது கொசு கடித்து 4 முதல் 10 நாட்கள் கழித்து. அந்தக் கொசுவோ, வேறொரு நோயாளியின் இரத்தத்தைக் குடித்து, வைரஸ் தன் உடலில் பெருக 8 முதல் 12 நாட்கள் எடுத்துக்கொண்ட பிறகே பரப்பும் நிலைக்கு வந்திருக்கும். நோயாளி மருத்துவமனைக்குப் போய், சோதனை முடிந்து, தகவல் துறைக்கு எட்டி, வண்டி புறப்படும்போது, தொற்றுச் சங்கிலி தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள் ஆகியிருக்கும்.

புகை அடிப்பதே கூடாது என்று எந்தப் பூச்சியியல் வல்லுநரும் சொல்வதில்லை. நோய் உறுதியான வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும், கையில் ஏந்தும் கருவியால், வீட்டுக்குள்ளே, தாமதமின்றி அடித்தால் வைரஸைச் சுமக்கும் கொசுக்களில் ஒரு பகுதியைக் கொல்லலாம். அன்றே அந்த வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்தால்தான் அதற்குப் பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இதை அவசர கால நடவடிக்கையாகவே வைத்திருக்கிறது. ஊர் முழுக்க மாலைதோறும் வண்டி ஓட்டுவதற்கு இதில் எந்த ஆதரவும் இல்லை.

டெங்குவைக் கட்டுப்படுத்தும் வேலை வேறு விதமாக நடக்கிறது. சுகாதார ஆய்வாளரின் மேற்பார்வையில் டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தெருத்தெருவாகப் பிரிந்து வீடு வீடாகச் செல்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கொட்டக்கூடியதைக் கொட்டுகிறார்கள், கொட்ட முடியாததில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். 100 வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்ற கணக்கு மேலே போகிறது. எந்தப் பகுதியில் நோய் வரக்கூடும் என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்கள் போதும். அதனால்தான் அவர்கள் அதே வீட்டுக்கு வாராவாரம் வர வேண்டியிருக்கிறது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதங்கள் தாங்கும். தொட்டியைக் காலிசெய்துவிட்டு நிறுத்திவிடாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் குறைந்த ஊதியத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். "எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். குடிநீரில் மருந்தா என்று அஞ்சுகிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் அபேட்டைக் குடிநீரில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் ஏற்பளித்திருக்கிறது. புழுவைத் தேடி வருபவருக்கு வாசல் திறக்காத அதே குடும்பம் புகை வண்டி வரவில்லை என்று புகார் செய்வதுதான் புகை மீதான நம்பிக்கை செய்யும் பெருங்கேடு. புகை அடித்தாகிவிட்டது என்ற நிம்மதியில் டிரம்மின் மூடி பல நாள் திறந்தே கிடக்கிறது.

ஆட்சியில் இருப்போருக்கும் இந்த நம்பிக்கை வசதியாக இருக்கிறது. புகையைப் படம் எடுக்கலாம். கழுவிய தொட்டியைப் படம் எடுத்துப் பெருமை கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் மக்கள் டிரம்களில் சேமிக்காமல் வேறென்ன செய்வார்கள்? அந்தத் தண்ணீரில் கொசு வளர்ந்தால் முதல் பொறுப்பு குடிநீர் வழங்கும் அமைப்புக்கு. அந்தப் பொறுப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய குரல்கள் புகை கேட்பதிலேயே தீர்ந்துபோகின்றன. காலி மனைகளிலும் கட்டுமான இடங்களிலும் தண்ணீரைத் தேங்கவிடுவோர் மீது நடவடிக்கை எடுக்க, 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே அதிகாரம் தருகிறது. இந்தியாவில் இத்தகைய விரிவான சட்டங்களில் முதலாவது அது. கொசு உற்பத்திக்கு இடமளிக்கும் நீர்த்தேக்கங்களைத் தடைசெய்யும் பிரிவுகள் அதில் அன்றே எழுதப்பட்டுவிட்டன.

2017இல் அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுப்போர், எத்தனை முறை புகை அடிக்கப்படும் என்று கேட்பதை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: வார்டில் எத்தனை கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது?