மச்சினனுக்கு நீலக் கூரை வேணுமாம்!

மக்களே, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதுற எண்ணமே இல்லை, ஆனா வயித்தெரிச்சலை எங்கேயாவது கொட்டணுமே, அதான் வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை காலங்காத்தால என் மச்சினன் வாட்ஸப்புல பதினேழு படம் அனுப்பியிருந்தான். எல்லாம் வீட்டு முகப்பு. திண்டுக்கல்ல நத்தம் ரோட்டுப் பக்கம் இடம் வாங்கிப் போட்டிருக்கான், அடுத்த மாசம் கடகால் தோண்டப் போறான். பதினேழு படத்துலயும் ஒரே விஷயம்: செங்குத்தாச் சரியுற கூரை, அதுல பளபளன்னு நீல ஓடு. கீழே ஒரு வரி: "மச்சான், எலிவேஷன் இந்த மாதிரிதான். சூப்பரா இருக்குல்ல?"

சூப்பராத்தான் இருக்கு. படத்துல.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, கூரைங்கிறது ரோட்டுல போறவன் பாக்குறதுக்கான பொருள் இல்லை. அதுக்கு அடியில படுக்கிறவனுக்கான பொருள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேப்பீங்க. இந்த ரெண்டு தப்பையும் நானே செஞ்சவன், அந்தத் தகுதிதான்.

முதல்ல சாய்ச்ச கூரை. 2006-ல மதுரையில நான் வீடு கட்டினப்ப என்ஜினியர் ஒரு கலர் படம் போட்டுக் கொடுத்தார். முன்பக்கம் மட்டும் ரெண்டு சரிவு, மேலே சிவப்பு ஓடு. பின்பக்கம் வழக்கமான தட்டைத் தளம். அதாவது முன்னாடி கேரளா, பின்னாடி மதுரை. வீட்டம்மா "அழகா இருக்குங்க" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஊருல அப்ப எல்லாரும் அதைத்தான் கட்டினாங்க, இப்பவும் கட்டுறாங்க.

ஒரு நிமிஷம் யோசிங்க. கேரளாவுல ஏன் கூரை சரியுது? வருஷத்துக்குச் சராசரி 3,000 மி.மீ. பக்கம் மழை கொட்டுற ஊரு. தண்ணி விழுந்த வேகத்துல ஓடியே ஆகணும். தமிழ்நாட்டுச் சராசரி அதுல மூணுல ஒரு பங்குகூட இல்லாம 900 மி.மீ. சொச்சம். நம்ம கிட்டயும் கன்னியாகுமரி, செங்கோட்டை, வால்பாறை, ஊட்டின்னு சரிவுக் கூரைக்கு நியாயம் இருக்குற ஊருங்க உண்டு. பத்மநாபபுரம் அரண்மனைக் கூரையைப் பாத்துட்டு யாரும் ‘எலிவேஷனுக்காகப் போட்டது’ன்னு சொல்ல முடியாது. அது மழையோட பேசிப் பேசி வந்த வடிவம். ஐரோப்பாக்காரன் கூரையைச் செங்குத்தா வச்சான்னா, மேல விழுற பனி வழுக்கிக் கீழ போகணும்னு வச்சான். நத்தம் ரோட்டுல எதுய்யா வழுக்கி விழப் போவுது? வேப்பங்கொட்டையா?

அட, நம்ம ஊர்லயும் ஓட்டு வீடு இருந்துச்சேன்னு ஒருத்தர் கண்டிப்பா பின்னூட்டம் போடுவீங்க. இருந்துச்சு. நானே ஓட்டு வீட்டுல பொறந்தவன். ஆனா அது வேற, இது வேற. எங்க தாத்தா வீட்டுல நாட்டு ஓடு. அதுக்கப்புறம் வந்தது சீமை ஓடுன்னு சொல்ற மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரங்க 1865-ல மங்களூர்ல ஆரம்பிச்ச ஃபேக்டரியில இருந்து பரவுன சங்கதி. ரெண்டுலயும் ஓட்டுக்குக் கீழ கைமரமும் சட்டமும்தான். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல இடுக்கு இருக்கும். சூடான காத்து மேல ஏறும், அந்த இடுக்கு வழியா வெளியே போயிரும். ஓட்டுக் கூரைக்கு உயிரே அந்த இடுக்குதான்.

இப்ப நாம என்ன பண்றோம்? சாய்வா ஆர்.சி.சி. தளம் போட்டு, அதுமேல சிமெண்ட் கலவையை வச்சு ஓட்டை ஒட்டுறோம். கீழே காங்கிரீட், மேல கலவை, அதுக்கும் மேல ஓடு. காத்து எந்த வழியாப் போகும்? ஓடு அங்க கூரை இல்லீங்க, சுவத்துல ஒட்டுன டைல்ஸ் மாதிரி ஒரு மேக்கப்.

மேக்கப்புன்னாலும் சும்மா இருக்குதா? ஒழுகுது. இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும். தட்டைத் தளத்துல காங்கிரீட்டைக் கொட்டி, வைப்ரேட்டரை விட்டு நல்லா இறுக்கலாம். செங்குத்தான சரிவுல அப்படிக் கொட்டினா கலவை கீழ வழிஞ்சு வரும். ஒழுங்காச் செய்யணும்னா மேல்பக்கமும் பலகை அடிக்கணும். செண்ட்ரிங் கூலி ரெட்டிப்பு. யாரு அடிக்கிறா? வழியாம இருக்கணும்னு கலவையைக் கெட்டியாக் கலந்து, கரணையால அப்பி விடுறாங்க. உள்ளே தேன்கூடு மாதிரி பொந்து விழுது. தண்ணிக்கு அது போதாதா? எங்க வீட்டுல 2008 ஐப்பசி மழையில ரெண்டு சரிவும் சந்திக்கிற பள்ளத்துல ஆரம்பிச்சது ஒழுக்கு. மூணு தடவை ரசாயனம் பூசியாச்சு. மேல ஓடு ஒட்டியிருக்கிறதால தண்ணி எங்க இறங்குது, எங்க வெளிய வருதுன்னு பிரம்மாவுக்கும் தெரியாது. ஓட்டைப் பேக்கணும், பேத்தா உடையும், உடைஞ்ச ஓட்டுக்கு ஜோடி கடையில கிடைக்காது. பொண்ணு ரூம் மூலையில இன்னும் ஒரு ஈரக்கறை இருக்கு. சின்ன வயசுல அவ அதை இலங்கை மேப்புன்னு சொல்லுவா. இப்ப அது ஆஸ்திரேலியா ஆயிருச்சு.

இதுல போன மொட்டை மாடியைச் சொல்லவே இல்லை பாருங்க. ஆயிரம் சதுர அடியில முன்பக்கம் கால்வாசி அவுட். வத்தல் காயப்போட, துணி உணர்த்த, கரண்ட் போன ராத்திரி பாயை விரிச்சுப் படுக்க, இன்னிக்குக் கணக்குல சோலார் பலகை வைக்க, எல்லாத்துக்கும் ஆகுற இடம். எங்க வீட்டுச் சரிவு வடக்கைப் பாத்தது, அதனால சோலாருக்கும் லாயக்கில்லை.

சரி, இனி நீலம்.

மச்சினனுக்குப் போன் போட்டு "ஏன் மாப்ள நீலம்?"னு கேட்டேன். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும் மச்சான். சான்டோரினி பாத்ததில்லையா நீங்க?"ன்னான். பாத்திருக்கேன், அவன் அனுப்புன அதே படத்துல. நீங்களும் அந்தக் கிரேக்கத் தீவுப் படத்தை இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. அதுல நீலமா இருக்கிறது பெரும்பாலும் சர்ச்சுக் குவிமாடம். ஜனங்க குடியிருக்குற வீடெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. வெயில் ஊர்க்காரன் சாமிக்கு நீலம் அடிச்சான், தனக்கு வெள்ளை அடிச்சுக்கிட்டான். அவன்ல புத்திசாலி!

இன்னொரு படம் பெய்ஜிங்ல இருக்குற சொர்க்கக் கோயில். மூணடுக்கு வட்டக் கூரை, முழுக்க நீல மெருகு ஓடு. வானத்தோட நிறம்னு வச்சிருக்காங்க. அற்புதமான கட்டடம், சந்தேகமே இல்லை. ஆனா மாப்ள, அது அரசர் வந்து நல்ல விளைச்சலுக்காக வேண்டிக்கிற மண்டபம். வேண்டி முடிச்சதும் அவர் அரண்மனைக்குத் திரும்பிப் போயிருவார். மே மாசத்துல அங்க யாரும் பாய் விரிச்சுப் படுக்கலை :-)

படத்துல இருக்குறதாவது மெருகு ஓடு. நம்ம ஊருல நீலக் கூரைன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். பெயிண்ட் அடிச்ச தகர ஷீட்டு. அரை மில்லிமீட்டர் கனம் இருந்தாலே ஜாஸ்தி. மதுரைக்கு விமானத்துல வந்தீங்கன்னா கீழே பாருங்க, ஊரு பூரா நீலச் சதுரம் சதுரமாத் தெரியும். பாக்க ஏதோ நீச்சல்குளம் மாதிரி இருக்கும். அத்தனையும் மொட்டை மாடி ஷீட்டு.

நானும் போட்டேன். 2015-ல. இங்க நியாயமாப் பேசணும்: நாலு பக்கமும் திறந்து விட்டு, ஆள் உயரத்துக்கு மேல ஷீட்டைப் போட்டா அது தளத்துக்குப் பிடிச்ச குடை. கீழ்வீடு குளுந்துதான் போச்சு. மழைத் தண்ணியும் தளத்துல தேங்கலை. அதுவரைக்கும் நான் செஞ்சது சரி. மழை பேஞ்சா டிவி கேக்காது, ஸ்க்ரூவுக்கு அடியில இருக்குற ரப்பர் வாஷர் வெயில்ல காஞ்சு சொட்டும், அதெல்லாம் சில்லறை. காத்து சில்லறை இல்லை. 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டாவுல தகரக் கூரையை என்ன பண்ணுச்சுன்னு எல்லாரும் பாத்தோம்.

தப்பு அதுக்கப்புறம். 2019-ல "மேலதான் கூரை இருக்கே"ன்னு நாலு பக்கமும் ஹாலோ பிளாக் சுவரை எழுப்பி, ஒரு ஜன்னல் வச்சு, ரூமாக்கி வாடகைக்கு விட்டேன். 2,500 ரூபா. ஜவுளிக்கடையில வேலை பாக்குற பையன் ஒருத்தன் வந்தான். தங்கமான பையன், வாடகையை அஞ்சாம் தேதிக்கு முன்னாடியே குடுத்துருவான்.

2024 மே மாசம் ஒரு ராத்திரி ஒரு மணி இருக்கும். தண்ணித் தொட்டி வழியுதேன்னு மோட்டாரை நிறுத்த எழுந்தேன். மாடிப்படித் திருப்பத்துல யாரோ படுத்துக் கிடக்காங்க. டார்ச்சை அடிச்சா அந்தப் பையன். ஈரத் துண்டை நெஞ்சு மேல விரிச்சுப் போட்டுக்கிட்டு, வெறும் சிமெண்டுல சுருண்டு கிடக்கான்.

"என்ன தம்பி இங்க?"

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா காத்துக்கு."

விசாரிச்சா ஏப்ரல் மாசத்துல இருந்தே அங்கதான் தூங்குறானாம். நாங்க காலையில எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி பாயைச் சுருட்டிக்கிட்டு மேல போயிருவானாம். மறுநாள் மத்தியானம் அவன் வேலைக்குப் போனப்புறம் சாவியைப் போட்டு ரூமைத் திறந்து பாத்தேன். அஞ்சு நிமிஷம் நிக்க முடியலைங்க. பகல் முழுக்க அந்த நீலத் தகரம் வெயிலைக் குடிச்சு நேரா உச்சந்தலையில இறக்குது. பொழுது சாஞ்சா தகரம் சீக்கிரம் ஆறிரும், அது உண்மை. ஆனா பகலெல்லாம் சூடு ஏறுன சுவரும் கீழ்த்தளமும் ஆறாது, ராத்திரி முழுக்கக் கக்கும். ஒத்தை ஜன்னல்ல எந்தக் காத்து வந்து எதைத் துடைக்கும்?

அன்னிக்குச் சாயங்காலம் அவன்கிட்ட நான் என்ன கேட்டேன் தெரியுமா? "வாடகையில ஐநூறு குறைச்சுக்கவா தம்பி?" இதுதான் என் வாயில வந்தது. அவன் சிரிச்சான். ஜூன் மாசம் காலி பண்ணிட்டான். ரெண்டு சுவரை இடிச்சுட்டேன், இப்ப மறுபடி குடை மட்டும்தான். ஆனா எங்க தெருவுலயே அந்த மாதிரி இன்னும் ஏழு ரூம் இருக்கு. ஏழுலயும் ஆள் இருக்கு.

தெலங்கானாவுல 2023-ல கூரைக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தாங்க. வெயிலைத் திருப்பி அனுப்புற வெளிர் பூச்சும் ஓடும் போடச் சொல்லி. நம்ம ஆத்தாமார் சித்திரை பொறந்தா தளத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்களே, அதேதான். வாளிச் சுண்ணாம்பும் ஒரு மட்டையும்தான் செலவு. கடையில ஷீட்டுகூட வெள்ளையிலயும் கிடைக்கும், யாரும் கேக்கறதில்லை. "வெள்ளைன்னா அழுக்குத் தெரியும் சார்"னு கடைக்காரரே நீலத்தை எடுத்து நீட்டுவார். ஏங்க, கூரை மேல அழுக்கை யாரு ஏறிப் பாக்கப் போறா?

மச்சினனுக்கு முழ நீளத்துக்கு எழுதிட்டேன். மாப்ள, தளத்தைத் தட்டையா விடு. மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கி, தட்டோடு பதிச்சு, வெள்ளை பூசு. ஜன்னலுக்கெல்லாம் ரெண்டரை அடி சன்ஷேடு விடு, அதுவும் முகப்பழகுதான். ஓட்டு ஆசை விடலைன்னா வாசல்ல தனியா ஒரு தாழ்வாரம் இறக்கி, நிஜச் சட்டத்துல நிஜ ஓடு போடு. ஒழுகினாலும் செருப்புதான் நனையும். இன்னும் ஆசை இருந்தா, திருவனந்தபுரத்துல லாரி பேக்கர் பண்ண மாதிரி பழைய மங்களூர் ஓட்டைத் தளத்துக்குள்ளயே இடையிடையே வச்சுக் காங்கிரீட் போடச் சொல்லு. காங்கிரீட்டும் மிச்சம், உள்ளே இருந்து அண்ணாந்து பாத்தா அழகும் உனக்கு.

மேல ரூம் எடுக்குறதா இருந்தா, வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி மே மாசம் ஒரு வாரம் நீயே அதுல படுத்துப் பாருன்னும் எழுதினேன்.

ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. ஒரு மணி நேரம் பதிலே இல்லை. கோவிச்சுக்கிட்டான் போலன்னு நினைச்சுக்கிட்டிருக்கும்போது டிங்குன்னு ஒரு மெசேஜ்.

"படிச்சேன் மச்சான். நீங்க சொல்றது கரெக்ட்தான். அப்ப பச்சைக் கலர் போட்டுக்கவா?"

அவ்வ்வ்வ்...