தூங்காத குழந்தைக்குக் கழுத்துத் திருகலா?

"புள்ளைக்கு உரம் விழுந்திருக்கு!"

குளத்தூர் வட்டாரத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் காதில் விழும் வார்த்தை இது. ராத்திரி முழுக்கக் குழந்தை தூங்கவில்லை, பால் குடிக்க மறுக்கிறது, தூக்கினால் வீறிடுகிறது என்றால் வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். விடிந்ததும் விடியாததுமாக உரம் எடுப்பவர் வீட்டுக்கு ஓட்டம்!

பழைய சேலையை விரித்து, குழந்தையை அதில் கிடத்தி, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். சில இடங்களில் முறத்தில் போட்டு ஆட்டுவார்கள். எண்ணெய் தடவிக் கழுத்தையும் தோளையும் நீவுவார்கள். தலையைப் பிடித்து 'சடக்'கென்று திருப்புகிற கைகளும் உண்டு. வெற்றிலை பாக்கோடு பத்தோ இருபதோ கைமாறும். குழந்தை அழுது களைத்துத் தூங்கும். "பாத்தியா, உரம் வந்துடுச்சு" என்று எல்லோரும் நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள்.

இது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். இதே வேலை இங்கிலீஷ் பெயரோடு, ஏ.சி. அறையில், பெரிய நகரங்களிலும் நடக்கிறது. அதன் பெயர் கைரோபிராக்டிக். முதுகெலும்பைக் கையால் தட்டி, திருப்பி, 'மளுக்' என்று சத்தம் வரச் செய்கிற சிகிச்சை. செல்போனைத் திறந்தால் இந்த 'மளுக்' படங்கள்தான். கைக்குழந்தைக்கும் இதைச் செய்தால் அழுகை நிற்கும், நன்றாகத் தூங்கும் என்று வெளிநாடுகளில் பலர் கடை விரித்திருக்கிறார்கள்.

இதை ஆரம்பித்தவர் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரத்தைச் சேர்ந்த டி.டி. பால்மர். ஒரு காலத்தில் மளிகைக் கடை நடத்தியவர். காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை 1895ல் தட்டிச் சரிசெய்து காது கேட்க வைத்ததாகச் சொன்னார். எலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதால்தான் நோய்கள் வருகின்றன என்பது அவர் கொள்கை. நம் ஊர் 'உரம் விழுந்திருக்கு' என்பதும் ஏறக்குறைய இதேதான். டேவன்போர்ட் எங்கே, குளத்தூர் எங்கே!

சரி, இதனால் பலன் உண்டா?

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2001ல் வெளியானது. ஓயாமல் அழும் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு நாளில் மூன்று தடவை கைரோபிராக்டிக் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குச் சிகிச்சையே கிடையாது. நர்சு பத்து நிமிஷம் குழந்தையைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாது. கடைசியில் சிகிச்சை பெற்ற பிரிவில் 100க்கு 70 குழந்தைகள் தேறின. சும்மா கையில் வைத்திருந்த பிரிவில் 100க்கு 60. இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒன்றுமே செய்யாமலே 60 குழந்தைகள் தேறியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உரம் எடுப்பவரின் கைராசி இங்கேதான் இருக்கிறது!

பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி குழந்தையின் அழுகை கூடும். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே குறைந்துவிடும். இது இயற்கை. பெற்றோர் எப்போது உரம் எடுக்க ஓடுகிறார்கள்? அழுகை உச்சத்தில் இருக்கும்போது. அதற்குப் பிறகு இறங்கத்தானே வேண்டும்? பேர் மட்டும் சேலை பிடித்தவருக்கு.

தூக்கமும் அப்படித்தான். மூன்று மாதம் வரை குழந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அதை ஒரே மூச்சில் தூங்காது. இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து பால் கேட்கும். ராத்திரி எது, பகல் எது என்று அதற்கு இன்னும் தெரியாது. பாவம், தாய்க்குத்தான் கண் எரிகிறது. அந்தத் தாயை நாலு மணி நேரம் தூங்கவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வீட்டில் ஆண்பிள்ளை யாரும் கிடையாதா?

ஆபத்து எங்கே?

சேலையில் மெதுவாக உருட்டுவதைவிடப் பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் உண்மையான நோயைக் கோட்டைவிடுவதுதான்.

குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் கிடந்தால், பிரசவத்தின்போது காறை எலும்பு முறிந்திருக்கலாம். தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். மூட்டில் சீழ் பிடித்திருந்தாலும் குழந்தை கையை அசைக்காது. இவற்றை 'உரம்' என்று நினைத்து உருட்டினால் என்ன ஆகும்? தலை எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்திருந்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதற்கு ஆஸ்பத்திரியில் சொல்லித்தருகிற இதமான பயிற்சி போதும். 'சடக்' வேண்டாம். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது ரத்தத்தில் விஷக்கிருமி பரவிய அறிகுறியாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். முறத்தில் ஆட்டி ஒரு நாள், எண்ணெய் போட்டு ஒரு நாள் என்று போனால் அந்த இரண்டு நாளைத் திருப்பித் தருவது யார்?

பச்சைக் குழந்தையின் தலை கனம், கழுத்து வலுவில்லாதது. தலை நிற்கவே மூன்று நான்கு மாதம் ஆகிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரிகிற விஷயம் இது. மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

ஆஸ்திரேலியாவில் இது பெரிய ரகளையே ஆனது. இரண்டு வாரக் குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஒருவர் சிகிச்சை செய்த படம் வெளியாகி நாடே கொதித்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பைத் திருப்பக் கூடாது என்று 2019ல் தடை வந்தது. பலன் இருப்பதற்கும் வலுவான சான்று இல்லை, பெரிய தீங்கு நடந்ததற்கும் அதிகச் சான்று இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. பலனே தெரியாத ஒன்றைப் பச்சைக் குழந்தைக்கு ஏன் செய்ய வேண்டும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. 2023ல் தடையைத் தளர்த்திப் பார்த்தார்கள். சுகாதார மந்திரிகள் எதிர்த்ததும் 2024ல் மறுபடி தடை!

இங்கே? கடைத்தெருவில் பட்டம் இல்லாமல் ஊசி போட்டால் போலி டாக்டர் என்று போலீசார் பிடிக்கிறார்கள். கழுத்தைத் திருப்பினால் கைராசிக்காரர்!

உரம் எடுக்கும் பாட்டிகளைப் பிடித்து உள்ளே போடு என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் நல்ல மனசுக்காரர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகப் பாதி ராத்திரியில் கதவைத் திறப்பவர்கள். அந்த நேரத்தில் தாய்க்கு ஆறுதல் சொல்ல வேறு ஆள் இல்லாததுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்க்க அரசுக்குப் பணம்கூடச் செலவில்லை. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுகிறார்களே, அது ஆறாவது வாரம். அழுகை உச்சத்தில் இருக்கும் அதே வாரம்! ஊசி போட்ட பிறகு கிராம சுகாதார நர்சு இரண்டே நிமிஷம் ஒதுக்கலாம். "ராத்திரி அழும்மா, பயப்படாதே, இன்னும் கொஞ்ச நாளில் குறைஞ்சுடும். மல்லாக்கப் படுக்க வை. தூளித் துணி மூஞ்சியை மூடாமப் பாத்துக்க. கழுத்தை யாரும் திருப்ப விடாதே. காய்ச்சல், பால் குடிக்காதது, கை அசையாதது, மூச்சு இரைப்பது, இதில் எது இருந்தாலும் உடனே வா" என்று சொன்னால் போதும். கூட வந்திருக்கும் பாட்டியிடமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரம் எடுக்கச் சொல்வது அவர்தானே!

குளத்தூர்க்காரர்கள் பெரிய டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டையில் 2017ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ராத்திரியில் பஸ் இல்லை என்றால் 108க்குப் போன் செய்யலாம். காசு கேட்க மாட்டார்கள்.